மைனஸ் மூன்று

மேற்கு சிட்னியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்குச் சில ஆண்டுகள் கணினி வேலைகள் பார்த்துக் கொடுத்தேன். அலுவலக அறையின் மூலையில் இடுப்புயர ஜெராக்ஸ் மெஷின் ஒன்று இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். நகல் எடுப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். பிரிண்ட் போடும், ஸ்கேன் செய்யும், ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும், கேட்டால் ஸ்டேபிளும் அடிக்கும். ஆண்டுத் தேர்வன்று காலை வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக வெளியே வந்துகொண்டிருந்தபோது தலைமை ஆசிரியை கேட்டார்: “தம்பி, பின்னேரம் மட்டும் டோனர் காணுமோ?”

காணும் என்றால் யாழ்ப்பாணத் தமிழில் போதும், மட்டும் என்றால் வரைக்கும் என்று அர்த்தம். மெஷினின் திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று மின்னியதே தவிர வேறு தகவல் இல்லை. மடிக்கணினியைத் திறந்து, நெட்வொர்க் வழியாக மெஷினிடமே கேட்டேன். பதிலாக ஒரே ஒரு எண் வந்தது: −3.

டோனரை எந்த அலகில் அளந்தாலும் மைனஸ் மூன்று இருக்க முடியாது. இது அளவு அல்ல, ஒரு வாக்கியம். “கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது” என்பதை எண்ணாகச் சொல்லும் முறை. −2 வந்திருந்தால் “எதுவுமே தெரியாது” என்று பொருள். பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால்தான் அது உண்மையான மீதி. “இருக்கு டீச்சர், எவ்வளவுன்னு அதுக்கே தெரியல” என்றேன். அவர் கணமும் யோசிக்கவில்லை. “அப்ப பெரிய வகுப்புப் பிள்ளையளின்ர பேப்பரை முதல்ல அடிப்பம்.”

பெட்ரோல் டேங்கில் முள் காட்டுவதுபோல டோனர் புட்டிக்குள் எதையாவது வைத்து அளந்துவிடலாமே என்று தோன்றும். டோனர் திரவம் அல்ல. ஐந்து முதல் பத்து மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் தூள், கறுப்பாக இருந்தால் அதில் கரித்தூள் கலந்திருக்கும். மாவைப்போல ஒரு பக்கம் குவியும், குலுக்கினால் சரியும். அதனால் பல மெஷின்கள் டோனரை நேரடியாக அளப்பதே இல்லை. இதுவரை எத்தனை புள்ளிகள் அச்சிட்டோம், டோனரைத் தள்ளும் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்கு வைத்து, மீதியை ஊகிக்கின்றன. ஊகிக்கவும் வழியில்லாத மெஷின் ஒரு பொய் எண்ணைத் தருவதற்குப் பதிலாக −3 என்று சொல்ல வேண்டும். 1995-இல் வந்த ஓர் ஒப்பந்தம் அதற்கு அந்த வழியைத் தந்தது. பொறியாளர்கள் எழுதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்று புரிய, ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அலுவலகங்களும் பள்ளிகளும் பெரிய மெஷின்களைப் பெரும்பாலும் குத்தகைக்கு எடுக்கின்றன. ஒரு பக்கம் அச்சானால் ஒரு ‘கிளிக்’. கறுப்புக்கு ஒரு விலை, கலருக்குப் பல மடங்கு விலை, மாதக் கடைசியில் கிளிக் கணக்குப்படி பில். நம் ஊரில் மின்வாரிய ஊழியர் வீடு தேடி வந்து ரீடிங் எடுத்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். இங்கே அதை வாடிக்கையாளரே செய்ய வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் மெஷினின் பட்டன்களை அழுத்தி மீட்டர் எண்ணைக் கண்டுபிடித்து, துண்டுத்தாளில் எழுதி, ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ அனுப்புவார். ஓர் இலக்கம் தவறினால் அடுத்த மாதம் முழுக்கச் சண்டை.

இன்னொன்று தூரம். சிட்னியிலிருந்து டப்போ சுமார் 400 கிலோமீட்டர், புரோக்கன் ஹில் 1,100-க்கு மேல். மெல்போர்னிலிருந்து மில்டூரா 500-க்கு மேல். “மெஷின் வேலை செய்யவில்லை” என்ற ஒரு வரியை நம்பி வண்டி எடுத்துப் போகும் மெக்கானிக், அங்கே போய்ப் பார்த்தபின் தேவையான ரோலர் தன்னிடம் இல்லை என்று திரும்பினால் ஒரு நாள் முழுதும் வீண். மெஷினிடம் தூரத்திலிருந்தே கேட்க முடிந்தால் அந்த நாள் மிஞ்சும்.

கேட்பதற்கான வழி மெல்போர்னுக்கு 1989 ஜூன் 23 இரவு வந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்ஸும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் டார்பன் நீல்சனும் சேர்ந்து, விநாடிக்கு 56 கிலோபிட் செல்லும் செயற்கைக்கோள் இணைப்பில் ஆஸ்திரேலியாவை இணையத்தோடு நிரந்தரமாகக் கோத்தார்கள். கேட்பதற்கான மொழி அதற்கு முந்தைய ஆண்டே பிறந்திருந்தது. எஸ்என்எம்பி என்ற அந்த நெறிமுறையின் பெயரிலேயே ‘எளிய’ என்ற சொல் உண்டு: எளிய நெட்வொர்க் மேலாண்மை நெறிமுறை. கேள், சொல், மாற்று, எச்சரி என்று ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் கட்டளைகள். நெட்வொர்க்கின் போக்குவரத்தைக் கவனிக்கும் ரூட்டர்களுக்காக எழுதப்பட்ட மொழி அது.

ரூட்டர் அல்லாத பொருளும் அதைப் பேசலாம் என்று காட்டியதில் ஓர் ஆஸ்திரேலியர் கை உண்டு. அமெரிக்காவில் நடந்த இன்டராப் கண்காட்சியின் தலைவர் டேன் லிஞ்ச், இணையத்தில் இயங்கும் ரொட்டி டோஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தால் கண்காட்சியில் முதன்மை இடம் தருவதாக ஜான் ராம்கியிடம் சொன்னார். ராம்கி, அடிலெய்டைச் சேர்ந்த தன் நண்பர் சைமன் ஹாக்கெட்டைச் சேர்த்துக்கொண்டு 1990 கண்காட்சியில் செய்து காட்டினார். எஸ்என்எம்பி கட்டளை போனால் டோஸ்டருக்கு மின்சாரம் வரும்; எவ்வளவு நேரம் வருகிறதோ அவ்வளவு முறுகல். ரொட்டியை மட்டும் மனிதர்தான் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, அதற்கும் இணையத்திலேயே இயங்கும் ஒரு குட்டிக் கிரேன் வைத்தார்கள். ஹாக்கெட் பின்னால் இன்டர்நோட் என்ற இணையச் சேவை நிறுவனத்தை நிறுவியவர்.

அந்த மொழியில் எதைக் கேட்கலாம், எதைச் சொல்லலாம் என்று டோஸ்டருக்கே ஒரு சொற்பட்டியல் எழுத முடியும் என்றால் பிரிண்டருக்கு எழுத முடியாதா? எழுதலாம். சிக்கல் யார் எழுதுவது என்பதில் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் மெஷின்களுக்கு மட்டும் புரியும் ஒரு பட்டியலை வைத்திருந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று பிராண்டு இருந்தால் மூன்று மென்பொருள், மூன்று விதமான ‘டோனர் குறைவு’. 1991-இல் பிரிண்டர் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. அதுதான் இன்று பிரிண்டர் பணிக்குழு என்று வழங்குவது. அங்கிருந்து 1995 மார்ச்சில் இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் ஆர்எஃப்சி 1759 என்ற எண்ணோடு ஒரு பொதுப் பட்டியல் வெளியானது. அதன் தலைப்பில் உள்ள ஐந்து ஆசிரியர்களும் ஐந்து வெவ்வேறு கம்பெனிக்காரர்கள்: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், லெக்ஸ்மார்க், ஜெராக்ஸ், அடோபி, ஹியூலட் பேக்கார்டு. கடைத்தெருவில் ஒருவருக்கொருவர் போட்டியாக நின்றவர்கள், ‘காகிதம் தீர்ந்தது’ என்றால் என்ன என்று ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள்.

பட்டியலில் ஒவ்வொரு தகவலுக்கும் முகவரிபோல ஓர் எண்தொடர் உண்டு. பிரிண்டர்களின் தெரு 1.3.6.1.2.1.43. முதல் 1 சர்வதேசத் தரநிலை அமைப்பு, 3 அதன்கீழ் அடையாளம் பெற்ற அமைப்புகள், 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அடுத்த 1 இணையம். பிறகு மேலாண்மை, அதன் பொதுப் பட்டியல், 43-ஆவது கிளையில் பிரிண்டர். அதற்குள் 11.1.1.8 என்றால் டோனர் புட்டியின் கொள்ளளவு, 11.1.1.9 என்றால் இப்போதைய மீதி. கொள்ளளவு 10,000, மீதி 3,200 என்றால் 32 சதவீதம். சிட்னியில் கேட்டாலும் சிவகாசியில் கேட்டாலும், மெஷின் எந்தக் கம்பெனி என்றாலும், முகவரி இதுதான். தமிழ்ப் பள்ளியில் நான் தட்டியதும் இதே முகவரியைத்தான்.

பழுதுகளைச் சொல்லும் விதம் இன்னும் சிக்கனம். அது கணினிகளுக்கான இன்னொரு பட்டியலில், 1993-இலேயே இடம்பெற்றுவிட்டது. எட்டு விளக்குகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து: காகிதம் குறைவு, காகிதம் இல்லை, டோனர் குறைவு, டோனர் இல்லை, கதவு திறந்திருக்கிறது, காகிதம் சிக்கிக்கொண்டது, இணைப்பில் இல்லை, மெக்கானிக் தேவை. எரியும் விளக்கு 1, அணைந்தது 0. மெஷின் 00100100 என்று சொன்னால் டோனர் குறைவு, கூடவே பேப்பர் ஜாம். ஒரே ஒரு பைட்டில், 500 கிலோமீட்டர் ஓட வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அடங்கிவிடுகிறது. ஜாம் என்றால் அங்கேயே ஒருவர் கதவைத் திறந்து தாளை உருவிவிடலாம்; கடைசி விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

பொது மொழி கிடைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்ததா? சொல் ஒன்றானாலும் பொருள் வழுக்கும் இடங்கள் இருந்தன. வீணான டோனரைச் சேர்க்கும் பெட்டி பல மெஷின்களில் உண்டு. டோனர் புட்டிக்கு ‘மீதி’ என்றால் உள்ளே இருக்கும் தூள். கழிவுப் பெட்டிக்கோ, விதிப்படி, இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் அதே எண்ணுக்குப் பொருள். இதைக் கவனமாகப் படிக்காமல் தலைகீழாகச் சொல்லும் மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். காலியான பெட்டியைக் கழற்ற ஆள் போவதும் நிரம்பிய பெட்டி தரையில் கறுப்பாகக் கொட்டுவதும் அதனால்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, பணம் சார்ந்த கேள்வி: ஒரு பக்கம் என்றால் என்ன? ஏ3 தாள் ஒரு கிளிக்கா, இரண்டா? இருபக்கமும் அச்சிட்டால் தாள் ஒன்று, பதிவு இரண்டு. பின்பக்கம் வெறுமையாகப் போனால் அதற்கும் கணக்கு உண்டா? கறுப்பு எழுத்துக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் முழுப் பக்கமும் கலர் விலையா? மெக்கானிக் சோதித்துப் பார்த்த பத்துத் தாள்களுக்கு யார் பணம் கொடுப்பது? இந்தச் சிக்கல் நமக்குப் பழையது. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், நெல்லைச் சொல்லுமிடத்தில் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும், அது ராஜகேசரி என்ற அளவைக்குச் சமம் என்பதையும் வெட்டி வைத்தார்கள். நெல் எத்தனை என்பது அளவையின் பெயரைச் சொன்னால்தான் தெரியும்.

1995 பட்டியல் மெஷின் பிறந்ததிலிருந்து எத்தனை என்ற மொத்த எண்ணைத் தந்தது. அதன் அலகு பதிவா தாளா என்று கூடவே சொல்லச் சொன்னது. ஆனால் அது எந்த மெஷின் என்று அடையாளம் காட்டும் சீரியல் எண்ணுக்கு அதில் இடமே இல்லை! 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. பிறகு பிரிண்டர் பணிக்குழு எண்ணுவதற்கு மட்டுமே ஒரு தனித் தரநிலை எழுதியது. 2007-இல் அதன் திருத்திய பதிப்பு வந்தது. பதிவு வேறு, தாள் வேறு, வெற்றுப் பக்கம் வேறு, கலர் வேறு, நகல் எடுத்தது வேறு, ஃபேக்ஸில் வந்தது வேறு, பராமரிப்புக்காக ஓட்டியது வேறு என்று அது பிரித்தது. படிக்கச் சலிப்பான ஆவணம்தான். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு பில் தகராறு இருக்கிறது.

மெல்போர்னில் வேறொரு திசையிலிருந்து இதே கேள்வியை அணுகினார்கள். மெஷின் எத்தனை அடித்தது என்பது கம்பெனியின் கவலை. யார் அடித்தது என்பது பள்ளிக்கூடத்தின் கவலை. 1998-இல் அங்கே பள்ளி ஒன்றில் கணினி நிர்வாகியாக இருந்த கிறிஸ் டான்ஸ், மாணவர்கள் கணக்கில்லாமல் பிரிண்ட் போட்டு வீணாக்குவதைத் தடுக்க ஒரு மென்பொருள் எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் நிற்கும். அதுதான் பேப்பர்கட். மெல்போர்னின் கேம்பர்வெல் பகுதியிலிருந்து வளர்ந்து, 2023-க்குள் 70,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளில், பத்துக் கோடிக்கும் அதிகமான பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது. வரம்பு வைக்கும் வேலைக்கு மெல்போர்னில் ஒரு முன்வரலாறு இருப்பதை நான் மகிழ்ச்சியோடு குறிப்பிடுவேன்: இணையத்தை இணைத்த அதே ராபர்ட் எல்ஸ்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கணினிகளின் வட்டில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரையறுக்கும் முறையை யூனிக்ஸுக்கு எழுதியவர்.

இங்கே தரநிலையின் எல்லையும் தெரிகிறது. பிரிண்ட் அனுப்பியவர் மெஷினுக்கு எதிரே வந்து அட்டையைத் தட்டினால்தான் தாள் வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மெஷினின் தொடுதிரைக்குள் உங்கள் மென்பொருள் ஓட வேண்டும். டோனர் மீதிக்குப் பொது முகவரி உண்டு; அந்தத் திரைக்கு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் திரைக்குத் தனிக் கதவு, தனிச் சாவி வைத்திருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் மென்பொருளை ஒவ்வொரு பிராண்டுக்கும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. 1995-இல் ஐந்து கம்பெனிகளால் ஒரே மேசையில் உட்கார முடிந்தது என்றால், இதற்கும் உட்கார்ந்திருக்க முடியும். அந்தக் கூடுதல் உழைப்புக்கான விலையைக் கடைசியில் பள்ளிகளும் நூலகங்களும்தான் கொடுக்கின்றன.

நிறுவனங்களின் ஃபயர்வால் வந்தபின் வெளியிலிருந்து மெஷினைக் கேட்பது நின்றுபோனது. 2006-இல் பிரிண்டர் பணிக்குழு அதற்கு ஒரு வழி எழுதியது: உள்ளேயே ஒரு சிறிய முகவர் நிரல் இருக்கட்டும், அது மெஷின்களைக் கேட்டுத் தொகுத்து, தானே வெளியே தொடர்புகொண்டு சொல்லட்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வரட்டும். இன்று சேவைக் கம்பெனிகள் செய்வது இதுதான், ஆளுக்கொரு மென்பொருளில்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் மெஷின் யார் கேட்கிறார்கள் என்று பார்த்ததா? எஸ்என்எம்பியின் முதல் வடிவங்களில் பாஸ்வேர்டு போன்ற ஒரு சொல் உண்டு. அது எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் போகும். எண்ணற்ற மெஷின்கள் ‘பப்ளிக்’ என்ற ஒரே சொல்லோடு தொழிற்சாலையிலிருந்து வந்தன, மாற்றுவார் இல்லாமல் அப்படியே நின்றன. மறையாக்கமும் அடையாளச் சரிபார்ப்பும் உள்ள மூன்றாம் பதிப்பு 2002-இல் முழுத் தரநிலையானது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ‘பப்ளிக்’ என்று கேட்டால் பதில் சொல்லும் மெஷின்கள் இருக்கின்றன. அந்தத் தமிழ்ப் பள்ளி மெஷினும் அதே சொல்லுக்குத்தான் பதில் சொன்னது. தேர்வு முடிந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

மெஷின்களை நிர்வகிக்கும் சர்வர் அதைவிடப் பெரிய கதவு. 2023 மார்ச் 8 அன்று பேப்பர்கட் நிறுவனம் தன் மென்பொருளில் இருந்த ஒரு கடுமையான ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்புகளை வெளியிட்டது. பத்துக்கு 9.8 என்று மதிப்பிடப்பட்ட ஓட்டை. மென்பொருளை முதலில் நிறுவும்போது கடைசியாக ‘நிறுவல் முடிந்தது’ என்று ஒரு பக்கம் வரும். நிறுவி ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பக்கத்தின் முகவரியை நேராகத் திறக்க முடிந்தது. அங்கிருந்த உள்நுழைவுப் பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகியாக ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் நடுவில், அதாவது தீர்வு வெளியாகி ஐந்து வாரத்துக்குப் பிறகு, புதுப்பிக்காமல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த சர்வர்களுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் அதைப் பயன்படுத்தின. மே 11 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து விட்ட எச்சரிக்கையில், தாக்கப்பட்டவை என்று சிறப்பாகக் குறிப்பிட்டது கல்வி நிலையங்களை. பிரிண்டர் நிர்வாகத்தை இன்னமும் எழுத்தர் வேலை என்று நினைக்கும் பள்ளிகள் அந்த ஏப்ரலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மொழியும் மாறி வருகிறது. பிரிண்ட் அனுப்பவென்று தொண்ணூறுகளில் பிறந்த ஐபிபி என்ற நெறிமுறை, மறையாக்கத்தோடு வலைப்பக்கங்கள் போகும் வழியிலேயே போகும். 2019-இல் அதற்கு ஒரு நிர்வாகப் பகுதியும் சேர்ந்தது. மெஷினை அமைப்பது, புதிய வரிசைகளை உருவாக்குவது, நிறுத்துவது எல்லாம் அதே ஒரு மொழியில், பாஸ்வேர்டுக்குப் பின்னால். டோனர் மீதியைச் சொல்வதற்கு மட்டும் அங்கேயும் பழைய பட்டியலின் சொற்களையே எடுத்து ஆள்கிறார்கள். −3 அங்கேயும் −3 தான்.

டோனர் தீரப்போவதை முன்கூட்டியே அறிவதில் ஒரு பக்கவிளைவு உண்டு. மீதி, உதாரணத்துக்கு, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புதிய புட்டி தானாகத் தபாலில் வந்துவிடும். வந்த பெட்டியைப் பார்த்தவுடன், பழையது தீரும் முன்பே கழற்றி மாற்றிவிடுவது மனித இயல்பு. தூளோடு வெளியேறும் அந்தப் புட்டிகளில், அதாவது காட்ரிட்ஜ்களில், பல, ஆஸ்திரேலியாவில் பிளானட் ஆர்க் அமைப்பின் சேகரிப்புப் பெட்டிகள் வழியாக மெல்போர்னில் உள்ள குளோஸ் தி லூப் நிறுவனத்துக்குப் போகின்றன. டோனர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டில் இளகித் தாரோடு கலக்கும். 2018 மே மாதம் மெல்போர்னின் வடக்கே கிரெய்கிபர்னில் ரேஃபீல்ட் அவென்யூவில் போட்ட சாலையில் 4,500 காட்ரிட்ஜ் அளவு டோனர் சேர்ந்திருக்கிறது. சில மாதங்கள் கழித்து சிட்னியின் தெற்கே எங்காடைனில் பழைய பிரின்சஸ் நெடுஞ்சாலையில் போட்டதில் சுமார் 12,500 காட்ரிட்ஜின் டோனர்.

தேர்வு நாளன்று டோனர் கண்டது, கடைசிக் கட்டு வரைக்கும். மூன்று வாரம் கழித்துத்தான் புட்டியை மாற்றினோம். கழற்றியதைத் தலைமை ஆசிரியை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே மெல்லியதாகச் சரசரத்தது. “இன்னும் கொஞ்சம் கிடக்குது போல” என்று சொல்லிச் சேகரிப்புப் பெட்டிக்குள் போட்டார்.